"தாய்லாந்துல மாசம் 60 ஆயிரம் போதுமாம்!" - அப்பாவின் ஓய்வுக்காலக் கணக்கும் அம்மாவின் ஒரே கேள்வியும்

வெளிநாட்டில் செட்டிலாவது என்றால் எங்கள் ராசிபுரம் பக்கம் ஒரே அர்த்தம்தான். பையனோ பொண்ணோ அங்கே வேலைக்குப் போவது. அறுபது வயதுக்கு மேல், பென்ஷன் பணத்தோடு, 'செலவு கம்மி' என்பதற்காக இன்னொரு நாட்டுக்குக் குடிபோவதைப் பற்றி எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பேசியவர் அப்பா.

அப்பா அரசுப் பள்ளி ஆசிரியர். இந்தக் கல்வியாண்டோடு ஓய்வு. கையில் வரப்போகும் பென்ஷன் மாதம் ஏறக்குறைய 50,000 ரூபாய். சொந்த வீடு இருக்கிறது. கடன் இல்லை. முப்பது வருஷமாக ஒரே பஸ்ஸில் ஒரே பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்த மனிதருக்கு, ஓய்வு நெருங்க நெருங்க 'இனிமேலாவது நாலு ஊர் பார்க்கணும்' என்று ஓர் ஆசை. அந்த நேரம் பார்த்து யூடியூப் அவருக்கு ஒரு வீடியோவைக் காட்டியிருக்கிறது. தாய்லாந்தின் சியாங் மாய் நகரத்தில் ஓய்வுக்காலத்தைக் கழிக்கும் ஓர் அமெரிக்கத் தம்பதி. வாடகை, சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் சேர்த்து நம் பணத்துக்கு 60,000 ரூபாய்தான் ஆகிறதாம்.

"ஏம்பாப்பா, நீ பத்திரிகையில இருக்கறவ. இது உண்மையான்னு பார்த்துச் சொல்லு" என்றார் அப்பா. டிஜிட்டல் டெஸ்கில் தினமும் 'இது உண்மையா?' என்று சரிபார்ப்பதுதான் என் வேலை. சொந்த வீட்டுக்கே அந்த வேலை வந்துவிட்டது.

அதே வாரத்தில் சிங்கப்பூரிலிருந்து பெரியப்பாவும் பேசினார். முப்பது வருஷமாகக் கப்பல் கட்டும் தளத்தில் வேலை. நிரந்தரவாசத் தகுதி வாங்கியிருந்தாலும் இன்னும் இந்திய பாஸ்போர்ட்தான். "சிங்கப்பூர்ல ரிட்டயர்டு ஆகி வாழ முடியாது கண்ணு. செலவு கட்டுப்படியாகாது. சேலம் வந்துடலாம்னு இருக்கேன்" என்றார்.

அண்ணனுக்கு எங்கள் ஊர்தான் செலவு குறைந்த வெளிநாடு. தம்பிக்கோ எங்கள் ஊரைவிடச் செலவு குறைந்த வெளிநாடு வேண்டும். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு நோட்டில் கணக்குப் போட உட்கார்ந்தேன்.

வீட்டு வாடகைக்கு முன்னால் விசா

வீடியோவில் சொன்ன செலவு பொய்யில்லை. சிக்கனமாக இருந்தால் சியாங் மாயில் அப்படி வாழ்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால், செலவுக்கு முன்னால் வரும் கேள்வி, அங்கே தங்க நம்மை விடுவார்களா என்பது.

தாய்லாந்தில் ஓய்வுக்காலத்துக்கென்றே விசா உண்டு. வயது 50 ஆகியிருந்தால் போதும். ஆனால், அந்த நாட்டு வங்கியில் 8 லட்சம் பாத் இருப்பு காட்ட வேண்டும், அல்லது மாதம் 65,000 பாத் வருமானம் காட்ட வேண்டும். ஒரு பாத் இரண்டரை ரூபாய்க்கு மேல் விற்கிறது. அந்தக் கணக்கில் மாத வருமானம் 1.6 லட்சம் ரூபாயைத் தாண்ட வேண்டும். அப்பாவின் பென்ஷன் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. எனவே, மீதமிருக்கும் வழி வங்கி இருப்புதான். 8 லட்சம் பாத் என்றால் 20 லட்சம் ரூபாய்க்கு மேல்.

அந்தப் பணத்தை நினைத்தபோது எடுக்கவும் முடியாது. ஒரு வருட அனுமதி கிடைத்த பிறகு மூன்று மாதம் முழுத்தொகையும் இருக்க வேண்டும். அதன்பின்னும் 4 லட்சம் பாத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. அடுத்த வருடம் புதுப்பிப்பதற்கு முன்பு மறுபடி 8 லட்சமாக்க வேண்டும். 90 நாள்களுக்கு ஒருமுறை 'நான் இந்த முகவரியில்தான் இருக்கிறேன்' என்று குடியேற்ற அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இங்கிருந்தே விண்ணப்பித்து வாங்கும் ஓராண்டு விசா என்றால் மருத்துவக் காப்பீடும் கட்டாயம். வேலை எதுவும் பார்க்கக் கூடாது.

"டியூஷன்கூட எடுக்கக் கூடாதா?" என்று கேட்டார் அப்பா. கூடாது.

பணத்தை இங்கிருந்து அனுப்புவதற்கும் விதி உண்டு. ஒருவர் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. ஆனால், இப்படிப்பட்ட தேவைக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகையில் 20 சதவிகிதத்தை வங்கியே முன்கூட்டி வரியாகப் பிடித்துக்கொள்ளும். 20 லட்சம் அனுப்பினால் 2 லட்சம் பிடித்தம். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைச் சரிசெய்து திரும்பப் பெறலாம். அதுவரை அந்த 2 லட்சமும் கையில் இருக்காது.

அதே 20 லட்சத்தைத் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால்? தற்போதைய 8.2 சதவிகித வட்டியில் வருடத்துக்கு 1,64,000 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 41,000 ரூபாய் கணக்கில் வந்து விழும். வெளிநாட்டில் குடியேறி என்.ஆர்.ஐ ஆகிவிட்டால் இந்தத் திட்டத்தில் புதிதாகச் சேர முடியாது. அப்பாவின் தாய்லாந்துச் செலவில் வாடகைக்கு அடுத்த வரியாக இந்த இழப்பையும் எழுதினேன்.

பினாங்கு? பொக்காரா?

"தமிழ் பேசற ஊராப் பார்த்தா மலேசியா" என்றார் அப்பா. பினாங்கில் கோயில் உண்டு, இட்லி உண்டு. 'மலேசியா என் இரண்டாவது இல்லம்' என்ற பெயரில் 2002 முதல் ஒரு திட்டமும் இருக்கிறது. ஆனால், 2024-ல் மாற்றிய விதிகளின்படி, அதன் வழக்கமான பிரிவுகளில் கீழ்ப்படியான வெள்ளிப் பிரிவுக்கே 1,50,000 டாலர் வைப்புத்தொகை. நம் பணத்தில் ஒன்றேகால் கோடிக்கு மேல். அதோடு 6 லட்சம் ரிங்கிட்டுக்கு வீடும் வாங்கியாக வேண்டும். அப்பா அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

விசாவே வேண்டாத வெளிநாடு ஒன்று இருக்கிறது, நேபாளம். 1950-ல் இரு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இந்தியர்கள் விசா இல்லாமலே அங்கே போய்த் தங்கலாம். 1993 முதல் ஓர் இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்று மதிப்பும் நிலையாக இருக்கிறது. இந்திய ராணுவத்தில் பணியாற்றிய கூர்க்கா வீரர்கள் அங்கேதான் பென்ஷன் வாங்குகிறார்கள். கணக்குப்படி நாங்கள் பார்த்த மூன்று நாடுகளில் அப்பாவின் பென்ஷனுக்குக் கட்டுப்படியாவது இது மட்டும்தான். பொக்காரா ஏரியின் படத்தைக் காட்டினேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "மார்கழியில நம்மூரு பனிக்கே எனக்கு முட்டி புடிக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

'செலவு கம்மி' யாருக்கு?

நோட்டின் அடுத்த பக்கத்தில் எங்கள் வீட்டுச் செலவை எழுதினேன். மளிகை, பால், காய்கறி, கேஸ், மருந்து, போன், கல்யாணம் காட்சிக்கு மொய். எங்கள் பக்கம் மொய் ஒரு பெரிய தலைப்பு. எல்லாம் சேர்த்து மாதம் 30,000 ரூபாய். வாடகை இல்லை. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். அம்மா டவுன் பஸ்ஸில் கட்டணமில்லாமல் போய்வருகிறார். ரேஷன் அரிசி இட்லி மாவுக்கு உதவுகிறது. பென்ஷனில் பிடித்தம் செய்யும் மருத்துவக் காப்பீடு சேலத்தில் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் செல்லும். சியாங் மாயில் செல்லாது.

ஆக, 60,000 ரூபாய் என்பது அந்த அமெரிக்கத் தம்பதிக்குக் குறைந்த செலவு. சொந்த வீட்டில் 30,000 ரூபாயில் வாழும் ராசிபுரம் வாத்தியாருக்கு அது இரண்டு மடங்கு. விலைவாசி குறைந்த நாடு என்று பொதுவாக எதுவும் இல்லை. எந்த நாட்டுப் பணத்தைச் சம்பாதித்துக்கொண்டு போகிறோம் என்பதைப் பொறுத்ததுதான் அது.

பணத்தின் மதிப்பும் அப்படியே நிற்பதில்லை. 2015-ல் ஒரு பாத் இரண்டு ரூபாய்க்கும் கீழே இருந்தது. இன்று இரண்டரைக்கு மேல். சியாங் மாயில் ஒரு பொருள்கூட விலை ஏறவில்லை என்று வைத்துக்கொண்டாலும், ரூபாயில் பென்ஷன் வாங்குபவருக்குச் செலவு கால் பங்குக்கு மேல் கூடியிருக்கும்.

பெரியப்பாவுக்கு இதே கணக்கு தலைகீழ். 2015-ல் ஒரு சிங்கப்பூர் வெள்ளி 50 ரூபாய்க்குள் இருந்தது. இன்று 65 ரூபாய்க்கு மேல். அவர் சேமித்த ஒவ்வொரு வெள்ளியும் சேலத்தில் பெருகி நிற்கிறது. ஓய்வுக்கு வெளிநாடு என்ற யோசனை எங்கள் குடும்பத்தில் ஒருவருக்குப் பொருந்தும் என்றால், அது பெரியப்பாவுக்குத்தான்.

பெரியப்பாவுக்கு எழுதிக்கொடுத்த நான்கு விஷயங்கள்

பெரியப்பாவைப்போல ஊர் திரும்பும் யோசனையில் உங்கள் வீட்டிலும் யாராவது துபாயிலோ, கோலாலம்பூரிலோ இருக்கலாம். அவர்களுக்கும் இது உதவும்.

முதலாவது, சேமிப்பு. சிங்கப்பூரின் மத்திய சேமநிதியான சி.பி.எஃப் பணத்தை, நிரந்தரவாசத் தகுதியை ஒப்படைத்துவிட்டு ஒரேயடியாக வெளியேறுபவர்கள் முழுவதுமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால், ஒப்படைத்த தகுதியை நினைத்தபோது திரும்ப வாங்க முடியாது. இதை அவசரத்தில் செய்யக் கூடாது.

இரண்டாவது, வரி. நீண்டகாலம் வெளிநாட்டில் இருந்து திரும்புபவர்களுக்கு, வெளிநாட்டு வருமானத்துக்கு இங்கே வரி கட்டத் தேவையில்லாத ஓர் இடைக்காலம் வருமான வரிச் சட்டத்தில் உண்டு. திரும்பி வரும் தேதியைப் பொறுத்து அது இரண்டு, மூன்று ஆண்டுகள்வரை கிடைக்கலாம். டிக்கெட் எடுக்கும் முன்பு ஓர் ஆடிட்டரைப் பார்ப்பது நல்லது. என்.ஆர்.இ கணக்கையும் திரும்பியதும் மாற்றியாக வேண்டும். அப்படியே தொடரக் கூடாது.

மூன்றாவது, நிலம். வெண்ணந்தூர் பக்கம் இரண்டு ஏக்கர் வாங்கித் தென்னை வைக்க வேண்டும் என்பது பெரியப்பாவின் கனவு. வெளிநாட்டில் வசிக்கும்வரை அவரால் விவசாய நிலம் வாங்க முடியாது. பரம்பரைச் சொத்தாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். வீடு, மனை வாங்கலாம். இந்திய பாஸ்போர்ட் உள்ளவர், நிரந்தரமாகத் திரும்பி இங்கே வசிப்பவராக ஆன பிறகு தோட்டம் வாங்கத் தடையில்லை. அதுவரை 'உன் பேர்ல வாங்கி வை தம்பி' என்று பணம் அனுப்பாமல் இருப்பது அண்ணன் தம்பி உறவுக்கும் நல்லது.

நான்காவதுதான் முக்கியம், மருத்துவக் காப்பீடு. பெரியப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார். நிரந்தரவாசத் தகுதியை ஒப்படைத்தால் சிங்கப்பூரின் காப்பீடும் போய்விடும். இங்கே 2024 ஏப்ரலுக்குப் பிறகு 65 வயதுக்கு மேற்பட்டவர்களும் புதிதாக மருத்துவக் காப்பீடு எடுக்கலாம். ஆனால், ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டுகள்வரை காத்திருக்கச் சொல்வார்கள். அந்தக் காத்திருப்பு பாலிசி எடுத்த நாளிலிருந்து ஓடத் தொடங்கும். அதனால் அறுபத்து மூன்றில் ஊர் திரும்ப நினைப்பவர் அறுபதிலேயே, அங்கே இருக்கும்போதே, இங்கே பாலிசி எடுத்துவிட வேண்டும். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி-யும் 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பெரியப்பா, "சரி, பொங்கலுக்கு வந்து வீடு பார்க்கலாம்" என்றார். வேண்டாம் என்றேன். பொங்கல் சமயத்தில் சேலம் எல்லோருக்கும் பிடிக்கும். ஏப்ரல், மே இரண்டு மாதம் வாடகை வீட்டில் இருந்து பாருங்கள் என்றேன். வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும். அந்தச் சமயத்தில் பெரியம்மாவுக்கு ஒத்துக்கொண்டால், அதன்பிறகு வீட்டைப் பற்றி யோசிக்கலாம்.

அம்மாவின் கேள்வி

இவ்வளவு நாளும் அம்மா பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஒருநாள் ராத்திரி நோட்டில் கூட்டல் போட்டுக்கொண்டிருந்தபோது, வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். "ஏனுங்க, நீங்க எனக்கு முன்னாடி போய்ட்டீங்கன்னா, அந்த ஊர்ல நா ஆருகிட்டப் பேசறது?"

அப்பா சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

அந்தக் கேள்விக்கும் கணக்கு உண்டு. தாய்லாந்தில் கணவரின் ஓய்வுக்கால விசாவைச் சார்ந்து மனைவிக்கு அனுமதி வாங்கலாம். கணவர் இல்லாமல் போனால் அந்த அனுமதிக்கு ஆதாரம் இல்லை. மனைவி தன் பெயரிலேயே 8 லட்சம் பாத் காட்ட வேண்டும். குடும்ப ஓய்வூதியம், ஆரம்பத்தில் சில ஆண்டுகள் கூடுதலாக வந்தாலும், அதன்பிறகு கடைசிச் சம்பளத்தில் 30 சதவிகிதம்தான். ஓய்வூதியம் 50 சதவிகிதம். ஒருவர் போனால் வருமானம் இறங்கிவிடும். வீட்டு வாடகை இறங்காது.

போன வருஷம் ஐப்பசி மழை நாளில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. அப்பா தேர்வுப் பணிக்காக வெளியூரில் இருந்தார். பக்கத்து வீட்டு அக்காதான் ஆட்டோ பிடித்து, மருத்துவமனையில் சேர்த்து, எக்ஸ்ரேவுக்குப் பணம் கட்டி, ராத்திரி துணைக்கும் படுத்துக்கொண்டார். நான் சென்னையிலிருந்து ஏற்காடு எக்ஸ்பிரஸ் பிடித்து, விடிவதற்குள் சேலத்தில் இறங்கிவிட்டேன். நான் போய்ச் சேர்ந்தபோது அந்த அக்கா அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார்.

எங்கள் நோட்டில் அந்த அக்காவுக்கு ஒரு வரிகூட இல்லை. வாடகை, விசா, வட்டி எல்லாம் எழுதியவள் நான். இருபது வருஷமாக அம்மா கொடுத்த கறிவேப்பிலை, வாங்கிய சர்க்கரை, பார்த்துக்கொண்ட குழந்தைகள் எல்லாம் சேர்ந்து அந்த ஒரு ராத்திரி துணையாக வந்தது. அதைப் பாத்திலோ, வெள்ளியிலோ மாற்ற வழியில்லை. புது ஊரில் அறுபது வயதில் அதை முதலிலிருந்து சேர்க்கத் தொடங்கினால் எழுபத்தைந்தில் கைகொடுக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சேர்மானம் சேலத்துக்குத் திரும்பும் பெரியப்பாவுக்கும் தேவைதான். முப்பது வருஷம் வெளியே இருந்தவருக்கு ஊர் பேர் தெரியும். பக்கத்து வீட்டு ஆளைத் தெரியாது. அதனால்தான் அவரிடம், ஊருக்கு வெளியே தனி வில்லா பார்ப்பதைவிட, எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு வீடு பாருங்கள் என்றேன்.

உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வந்தால்...

வாடகையையும் சாப்பாட்டையும் கடைசியாக எழுதுங்கள். முதலில் ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்.

அந்த நாடு எத்தனை வருடம் தங்க விடும், ஒவ்வொரு முறையும் என்ன கேட்கும்?

வருமானம் எந்த நாட்டுப் பணத்தில், செலவு எந்த நாட்டுப் பணத்தில்?

மருத்துவமனையில் சேர்த்தால் பில்லை யார் கட்டுவார்?

இருவரில் ஒருவர் மட்டும் மிஞ்சினால், அவர் பெயரில் விசா, வங்கிக் கணக்கு, வருமானம் இருக்கிறதா?

ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்ட யார் வீடு இருக்கிறது?

கடைசி இரண்டு கேள்விகளையும் வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். பெரும்பாலும் அவர்கள்தான் அதற்குப் பதில் யோசித்து வைத்திருப்பார்கள்.

அப்பாவின் ஊர் சுற்றும் ஆசையில் தப்பே இல்லை. முப்பது வருஷம் உழைத்தவருக்கு அது நியாயமான ஆசை. குடிபோவதை விட்டுவிட்டு, போய்வருவது என்று திட்டத்தை மாற்றிக்கொண்டோம். ஓய்வுப் பணத்தில் 20 லட்சம் தபால் நிலையத்துக்கு. மூன்று மாத வட்டி 41,000-ஐ ஒரு தடவை வீட்டுக்கு, ஒரு தடவை பயணத்துக்கு என்று பிரித்திருக்கிறார் அப்பா. முதலில் எங்கே என்று அம்மாவிடம் கேட்டோம். பினாங்கு என்றார். மொழி தெரிந்த ஊர், கடல் இருக்கிறது, குளிர் இல்லை. ஒரு மாதம் தங்கிவிட்டுத் திரும்பிவிடலாம்.

விண்ணப்பம் போட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அம்மாவுக்குப் பாஸ்போர்ட்டே இல்லை. மூன்று மாதமாக மூன்று நாடுகளுக்குக் கணக்குப் போட்டிருக்கிறோம். வரும் வாரம் சேலம் தபால் நிலையத்தில் இருக்கும் பாஸ்போர்ட் மையத்தில் அம்மாவுக்கு அப்பாயின்ட்மென்ட். எந்தப் புடவை கட்டலாம் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.